சத்தம் – மற்றவை

குழாயைச் சரியாக மூடவில்லை என்று சமையலறையிலிருந்து சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. துண்டை உதறிக்கொண்டே பின்வாசல் பக்கம் போனார். நானே எழுந்து போய் மூடினேன், மனதுக்குள் அவரைக் கொஞ்சம் திட்டியபடி. திரும்பி வந்து பார்த்தபோது துணிக்கொடிக்குக் கீழே, களைத்துப்போய் உட்கார்ந்தவர் மாதிரி சுவரில் சாய்ந்திருந்தார். இதயம் என்றார் மருத்துவர். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

அவருடைய காது மெஷின் அலமாரியில், அதன் டப்பாவுக்குள் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் கிடந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கார் சர்வீஸில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் கணவர் முப்பத்தொரு வருடம் ஓர் அச்சகத்தில் மெஷின் பிரிவில் இருந்தவர். அந்த இரைச்சல்தான் காதைத் தின்றது. ஆனால் இயந்திரம் என்றால் மிச்சம் இருந்த காதே அவருக்குப் போதும். எந்த உருளை காய்ந்திருக்கிறது, எங்கே தாள் மடங்கப்போகிறது என்று பக்கத்து அறையில் இருந்தே சொல்லிவிடுவாராம். எங்கள் வாஷிங் மெஷின் ஒரு காலில் நொண்டுகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

கார் வாங்கிய கம்பெனி ஷோரூமிலேயே இரண்டாம் வருட சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தார். மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்தவர் சாவியைக்கூட மாட்டாமல் நின்றார்.

"ஏம்மா, வண்டியில ஒரு சத்தம் வருது. அட்டை உரசுற மாதிரி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஏசி விசிறி ரெண்டுல ஓடணும், அப்பத்தான் வரும். நீ உக்காந்தா நான் ஏசியே போடறதில்லையே, எப்படிக் கேக்கும்?"

அது உண்மைதான். குளிர்ந்த காற்று பட்டால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். நான் ஏறினாலே அவர் விசிறியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குவார்.

மறுபடி ஷோரூமுக்குப் போனோம். அங்கே வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர், இஸ்திரி கலையாத சட்டையும் காதில் செருகிய பேனாவுமாக இருந்தார். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார். அதனால் என் கணவர் அவருக்குப் பாத்துக்கலாம் என்றே பெயர் வைத்திருந்தார். விசிறி இரண்டில் ஓடும்போது, அட்டை உரசுவதுபோல, இடது பக்கம் காலுக்கு மேலே என்று இவர் விளக்கமாகச் சொன்னார். பாத்துக்கலாம் தலையை ஆட்டிக்கொண்டே திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். எஞ்சின் சத்தம், பிரேக் சத்தம், சக்கரச் சத்தம், மற்றவை. அவர் 'மற்றவை'யைத் தட்டினார். அவ்வளவுதான். விசிறியும் அட்டையும் இடது பக்கமும் அந்த ஒரு தட்டலில் காணாமல் போயின.

"நான் சொன்னதை எழுதலையே தம்பி."

"உள்ள சொல்லிடறேன் சார். பாத்துக்கலாம்."

சாயங்காலம் வண்டி வந்தது. ஓட்டிப் பார்த்தோம், சத்தம் இல்லை என்றார்கள். இரண்டாவது முறையும் அதே. ஷோரூம் முற்றத்திலேயே கேட்க வைத்துவிடலாம் என்று இவர் பாத்துக்கலாமை உள்ளே உட்கார வைத்து விசிறியைப் போட்டார். பக்கத்தில் ஒரு வண்டிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

மூன்றாவது முறையும் நான் கூடப் போனேன். பாத்துக்கலாம் வண்டியைப் பார்ப்பதற்கு முன் இவர் காதைப் பார்த்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க மாமாவும் இதே மாதிரி மெஷின்தான் போடறாரு. அவருக்கும் கிர்ருனு ஒரு சத்தம் வந்துட்டே இருக்குமாம்."

"உங்க மாமாவுக்கு வந்தா அவரு வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்க. இது என் வண்டி, என் சத்தம்."

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாத்துக்கலாமும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அன்று திரும்பி வரும் வழியில், மூன்று முறை அலைந்த எரிச்சலில், நான் சொன்னதுதான் இது: "அவங்க சொல்றதும் சரியா இருக்கலாம்ல. மெஷினைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பாருங்களேன்."

மறுநாள் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். சத்தம் நின்றுவிட்டது. நிற்காதா பின்னே?

வீட்டுக்கு வந்து, தோற்றுப்போன மனிதர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ சொன்னது சரிதாம்மா. மெஷின்லதான் கோளாறு," என்றார். காது மெஷின் கடையில் அதைப் பார்க்க ஒரு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள். அதுவரை போடுவதில்லை என்று டப்பாவில் வைத்து மூடினார். அந்த மாதத்தில் மூன்று வாரம்தான் அவருக்கு இருந்தது.

மூன்று வாரம் நாங்கள் கையாலும் தலையாலும் பேசிக்கொண்டோம். சாப்பிட வாங்க என்றால் தட்டைக் காட்டுவேன். முக்கியமானதைக் காகிதத்தில் எழுதுவேன். மற்றதெல்லாம், அதாவது பேச்சு என்று சொல்லும்படியான எல்லாமே, மெஷின் சரியாகி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். எதிர்வீட்டு அம்மாளின் சண்டை, மகள் வேலை மாறப்போவது, எல்லாம் சேர்ந்துகொண்டே இருந்தன.

அவர் போய் ஆறாவது வாரம், இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் அதிகம் ஓட்டியதில்லை. நல்ல வெயில், பதற்றத்தில் வியர்த்துக் கொட்டியது. மூக்கு அடைத்தால் அடைக்கட்டும் என்று ஏசியைப் போட்டேன். ஒன்றில் ஒன்றும் இல்லை. இரண்டில் திருப்பினேன். இடது பக்கம், காலுக்கு மேலே, யாரோ சீட்டுக்கட்டை ஓயாமல் கலைப்பது போல ஓர் ஒலி.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஒன்றில் வைத்தேன், இரண்டில் வைத்தேன், மறுபடி ஒன்றில். எத்தனை முறை என்று தெரியாது. அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக ஷோரூமுக்குப் போனேன்.

பாத்துக்கலாம் வண்டி எண்ணைத் தட்டினார். "அந்தச் சத்தமாம்மா? சார் வரலையா?"

"நான் வந்திருக்கேன்ல. பாருங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பினார்கள். "ஓட்டிப் பாத்துட்டோம்மா. சத்தம் இல்லை."

"ஏசி போட்டீங்களா?"

"டெஸ்ட் டிரைவ்ல ஏசி போடக் கூடாதும்மா. மேலிடத்து ஆர்டர். பெட்ரோல் வீணாகுதுன்னு."

நான் அவரையே பார்த்தேன். "நாலு தடவையும் போடலையா?"

"யாருமே போட மாட்டாங்கம்மா. ரூல்."

"அவரு தொண்டை வறள ஏசி விசிறின்னு சொன்னாரே. அதை எழுதினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

வாங்க என்று சொல்லி அவரைத் தெருவுக்கே கூட்டிப்போய், வண்டியில் உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, விசிறியை இரண்டில் வைத்தேன். பாத்துக்கலாம் முதலில் புன்னகையோடுதான் இருந்தார். பிறகு பேனாவைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தாடி வைத்த மெக்கானிக் ஒருவர் வந்து, டேஷ்போர்டில் இடது பக்கம் இருக்கும் பெட்டியைக் கழற்றி, உள்ளே முழங்கை வரை கையை விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே எடுத்தது ஒரு மஞ்சள் அட்டை, கண்ணாடித் தாள் ஒட்டியது, ஓரம் தேய்ந்து நார் நாராகக் கிழிந்திருந்தது. சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் அவர்கள் தொங்கவிடும் அட்டை. எங்கள் வண்டி எண்ணும் இரண்டாம் வருட சர்வீஸுக்கு விட்ட தேதியும் அதில் இருந்தன. கீழே பாத்துக்கலாமின் கையெழுத்தில், 'ஏசி ஃபில்டர் மாற்றவும்'.

"நம்ம அட்டைதாங்க," என்றார் மெக்கானிக். "ஃபில்டர் மாத்துறப்ப கைக்கு இடைஞ்சலா இருக்குன்னு யாரோ உள்ள செருகி இருக்காங்க. வண்டி போறப்ப அட்டை எங்கன்னு யாரும் தேடலையா?"

"காணலைன்னா புது அட்டை எழுதிக்குவோம்," என்றார் பாத்துக்கலாம், மெதுவாக.

மேனேஜர் வந்தார். வண்டியை இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொன்னார், உள்ளே வைக்க ஒரு வாசனை பாட்டிலும். "சார் நம்பர் குடுங்கம்மா, நானே பேசி மன்னிப்பு கேட்டுடறேன்."

"அவரு இறந்துட்டாரு. ஆறு வாரமாச்சு."

மேனேஜர் வாசனை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வைப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குக் கழுவியெல்லாம் தர வேண்டாம்," என்றேன். "இதுவரைக்கும் என்ன எழுதி வெச்சிருக்கீங்கன்னு காட்டுங்க."

பாத்துக்கலாம் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று முறைக்கும் மூன்று வரி. தேதிதான் வேறு. 'சத்தம் – மற்றவை. வாடிக்கையாளர் காது மெஷின் அணிபவர். வண்டியில் சத்தம் இல்லை.'

"இதை மாத்துங்க."

"கம்ப்யூட்டர்ல ஒரு தடவை மூடின சர்வீஸ் கார்டைத் திறக்க முடியாதும்மா."

"முயற்சி பண்ணுங்க."

அவர் உட்கார்ந்து முயன்றார் என்பதைச் சொல்ல வேண்டும். தன் கடவுச்சொல்லைப் போட்டார், பிறகு மேனேஜருடையதை. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் அனுமதி இல்லை என்று வந்தது. அதற்குள் வரிசையில் நின்ற ஒருவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாத்துக்கலாம் புதிதாக ஒரு கார்டு திறந்தார். குறிப்பு என்ற இடத்தில் ஒரு விரலால் தட்டினார்: 'சத்தம் இருந்தது. வாடிக்கையாளர் சொன்னது சரி.' அதற்குமேல் கட்டத்தில் இடம் இல்லை. அச்செடுத்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா."

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும்தான் சிரித்தேன் என்று சொல்லவும் வரவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் வண்டியை அடுத்த வருட சர்வீஸுக்கு விட்டேன். கவுண்டரில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். பழைய கார்டுகளைக் காட்டச் சொன்னதும் மறுக்காமல் திரையைத் திருப்பினாள். நான்காவதாக எழுதியது மேலே இருக்கிறது. அதற்குக் கீழே அந்த மூன்று வரிகளும், ஓர் எழுத்துகூட மாறாமல், அப்படியே இருக்கின்றன.