மூடுபனி மன்னருக்கு ஒரு துணி

மூடுபனியையும் நிலவொளியையும் படம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று யாராவது புகழ்ந்தால், பக்கத்தில் நிற்கும் அவர் மனைவிக்குக் கொட்டாவி வரும். பத்திரிகைகள் அவருக்கு 'மூடுபனி மன்னர்' என்று பட்டம் கட்டியிருந்தன. மன்னரைத் தண்ணீர் தெளித்து எழுப்புவதும், காரில் ஏற்றுவதும், இருட்டோடு ஏரிக்கரைக்கு ஓட்டிப் போவதும் அவள்தான். மன்னர் பக்கத்து சீட்டில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு குறட்டையால் ராஜ்ஜியம் ஆள்வார்.

எடுத்த படமாவது உருப்படியா என்றால், அதுவும் இல்லை. பனியைக் கேமரா தன் கணக்குக்கு அளந்தால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை நாமாக ஒன்றிரண்டு படி கூட்டி வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் பதினைந்து வருஷமாக அவர் மண்டையில் ஏறவில்லை. அவருடைய பனியெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதைத் துயரத்தின் நிறம் என்று எழுதிய விமர்சகரை ஒருநாள் பாத்திரம் தேய்க்க வைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

நாலு மாதம் முன்பு ஒரு விடியலில், ஏரிக்கரையில் காரை நிறுத்தி எத்தனை உலுக்கியும் மன்னர் எழவில்லை. அவளே கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பனி ஏரியை மூடியிருந்தது. பழைய பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் முழுநிலா இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தை இரண்டு படி கூட்டி வைத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். இப்போது வரப்போகும் அவருடைய புத்தகத்துக்கு அதுதான் அட்டை.

உள்பக்கத்தில் 'அட்டைப்படம்' என்று போட்டுத் தன் பெயரை ஒரு வரி போடச் சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேமரா என்னுடையது, ஆகவே படமும் என்னுடையது என்றார்.

"அப்படின்னா இந்த வீட்டுல இத்தனை வருஷமா சமைச்சது அடுப்பாங்க?" என்றாள்.

பொண்டாட்டி எடுத்த படத்தை அட்டையில் போட்டால் ஊர் சிரிக்கும் என்று பேச்சை முடித்துவிட்டார். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முந்தின நாள், விளம்பரத்துக்காகப் பதிப்பாளர் அம்மாள் ஏரிக்கரையில் ஒரு விடியற்காலை வகுப்பு ஏற்பாடு செய்திருந்தாள். கற்றுக்கொள்ள இருபது பேர். படம் எடுக்க ஒரு வாரப் பத்திரிகைக்காரர்.

போகும் வழியில் அவள் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அங்க வந்து வாயைத் திறந்து மானத்தை வாங்காதே. கேமரா ஸ்டாண்டைப் புடிச்சுக்கிட்டு நில்லு, போதும்" என்றார்.

வழக்கமாகக் கேமரா டிக்கியில்தான் பயணம் செய்யும். ஏசியில் வைக்கக் கூடாது என்று அவள் சட்டமே போட்டிருந்தாள். அன்றைக்கு மன்னர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதே கழுத்தில் தொங்கினால்தானே பத்திரிகைக்காரர் படத்தில் எடுப்பாக இருக்கும்? மூக்குக் கண்ணாடி போட்டால் வயசு தெரியுமென்று அதைக் கழற்றிக் காரிலேயே விட்டார்.

அன்றைக்குப் பார்த்து மருந்துக்குக்கூடப் பனி இல்லை. அலம்பிவிட்ட தட்டு மாதிரி நிலா பளிச்சென்று இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் ஏசியில் சில்லிட்டிருந்த லென்ஸ் ஏரியின் ஈரக்காற்று பட்டதும், குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளர் போல வியர்த்து வெளுத்துப்போனது. அவள் பார்த்துவிட்டாள். துடைக்கும் துணி கைப்பையில்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தவள் கணவரின் உத்தரவை நினைத்து மூடிக்கொண்டாள். பதிவிரதை அல்லவா?

மன்னர் கேமராவில் கண்ணை வைத்தார். மெய்மறந்தார்.

"ஆகா, என்ன பனி பாருங்க. நிலாவையே முழுங்கிடுச்சு."

இருபது பேரும் ஏரியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற மேனேஜர் ஒருவர் மட்டும் 'நிலாவை முழுங்கும் பனி' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

எதிர்க்கரை தெரிகிறதா பாருங்கள், தெரியாது, அதுதான் ஆழம் என்று மன்னர் மேலே மேலே போனார். முன்வரிசையில் நின்ற பல் டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சார், வாய்க்குள்ள விட்டுப் பார்க்கிற எங்க கண்ணாடிலயும் இந்தப் பனி வரும். நாங்க தொடைச்சுட்டுத்தான் பல்லைப் பார்ப்போம்."

ஊர் சிரித்தது.

மன்னர் சட்டை நுனியால் லென்ஸைத் தேய்த்தார். ஈரம் போய்த் தீற்றல் வந்தது. அதன் மேல் மறுபடி ஈரம் வந்தது. "துணி எங்க?" என்று மனைவி பக்கம் கையை நீட்டினார். அவள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்ன வேலையைச் செய்கிறவள்.

பதிப்பாளர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அட்டைப்படத்தைக் கைபேசியில் விரித்து அவரிடம் காட்டினாள். "இந்தப் பனி மட்டும் எப்படி சார் இவ்வளவு வெள்ளை? மத்த எல்லாப் படமும் சாம்பலா இருக்கே. வெளிச்சம் எவ்வளவு வச்சீங்க?"

"அதையெல்லாம் கேமராவே பார்த்துக்கும்மா."

பதிப்பாளர் அம்மாள் மன்னரின் மனைவி பக்கம் திரும்பினாள். கேள்வி தன்னிடம் வந்துவிட்டதால் பதில் சொல்வது மரியாதை என்று அவளுக்குப் பட்டது.

"ரெண்டு படி கூட்டி வச்சேன். கேமராவே பார்த்திருந்தா இதுவும் சாம்பலாத்தான் வந்திருக்கும்."

மன்னர் வாயைத் திறந்தார். பல் டாக்டர் தொழில் வழக்கத்தில் உள்ளே உற்றுப் பார்த்தார். மன்னர் மூடிக்கொண்டார்.

"உள்பக்கத்துல ஒரு வரி சேர்க்கணும்" என்று பதிப்பாளர் பேனாவை எடுத்தாள். "உங்க பேரு சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். எழுதியது சரியா என்று எட்டிப் பார்த்தாள். இனிஷியலையும் போடச் சொன்னாள், அப்பாவுடையதை. அதற்கப்புறம்தான் கைப்பையைத் திறந்து துணியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. கண்ணாடி கார்லயே இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

இதற்குள் காற்றின் சூட்டுக்கு வந்த லென்ஸில் ஈரம் தானாகவே காய்ந்திருந்தது. மன்னர் துணியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.