குலவிளக்கு கவிழ்ந்தார்

பத்து நிமிடமாக ஒரு காலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, முக்கி முனகி, கடைசியில் பவுனு பாயில் குப்புற விழுந்தாள். தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

"அத்தே! பவுனு கவுந்துக்கினா! ஓடி வாங்க!" என்று கத்தினாள் கலைப்பிரியா.

அடுப்படியிலிருந்து மாமியார் தையல்நாயகி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு குனிந்து, பேத்தியைத் தோசை திருப்புவதுபோல் மல்லாக்கத் திருப்பிப் போட்டாள்.

"யாரும் பாக்கல. இன்னும் ஒண்ணும் நடக்கல. மொதல்ல பையன் வுழட்டும்."

பவுனு இன்னொரு தடவை குப்புற விழுந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பக்கத்தில் இளவழகன் முஷ்டிகளை இறுக மூடிக்கொண்டு, கத்தரிக்கோல் மாதிரிக் கால்கள் பின்ன, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

இருவரும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில், நாள் கணக்குக்கு இரண்டு மாதம் முந்திக் குறைமாதமாகப் பிறந்த இரட்டையர். பையனுக்குப் பெயர் வைக்க இரண்டு ஜோசியரும் ஓர் எண்கணித நிபுணரும் தேவைப்பட்டார்கள். பெண்ணைக் கையில் ஏந்திய நர்ஸ், "இத பவுனு கணக்குலதான் எட போடணும்" என்று சிரித்தாள், அதுவே பெயராகிவிட்டது. பவுனு இரண்டு நிமிடம் மூத்தவள். ஆனால் கருவில் முதலில் தங்கியதுதான் கடைசியில் வெளியே வரும் என்று மாமனார் அரசப்பன் தீர்ப்பளித்ததால் இளவழகன் அண்ணனானான். அவன் முதலில் பிறந்திருந்தால் தீர்ப்பு இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

அரசப்பன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிவாகாத எதுவும் நடக்கவில்லை, பதிவாகிவிட்டால் நடந்தே தீர்ந்தது என்பது அவருடைய வேதாந்தம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் காலை, பேரனின் நெஞ்சுக்குக் கீழே தலையணை கொடுத்துத் தன் கையாலேயே கவிழ்த்துப் படமெடுத்து, தெரு வாட்ஸப் குழுவில் போட்டார்: 'எங்கள் குலவிளக்கு இன்று காலை 7.40 மணிக்கு, சுப ஓரையில் கவிழ்ந்தார்.' எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் 'ஆழ்ந்த' என்று தொடங்கிப் பிறகு அழித்துவிட்டார்.

குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து தெருவுக்குக் கொடுப்பது வழக்கம். நாற்பத்திரண்டு வீட்டுக்குப் போயிற்று. விழுந்தவள் வீட்டுக்குள் இருந்தாள். விழாதவன் தலையணையில் மூக்கு அமுங்கி அழுதுகொண்டிருந்தான்.

அவனுக்குப் பால் புகட்டுவதற்குள் கலைப்பிரியாவுக்கு உயிர் போய் உயிர் வரும். நாலு வாய் உறிஞ்சுவான், மூச்சுவிட மறப்பான், உதடு நீலம் பாயும். நிமிர்த்தி, முதுகைத் தடவி, சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டி அறுபது மில்லி உள்ளே போக ஒரு மணி நேரம். கேப்பைக்கூழ் ஆரம்பித்த அன்று முதல் கரண்டியே மூக்கு வழியாக வந்தது.

"ராஜா மாதிரி சாப்புடுறான் பாரு. அவசரமே கெடையாது" என்றார் அரசப்பன்.

பவுனு கரண்டியைத் துரத்திப் பிடித்து நக்கினாள்.

"பொட்டப்புள்ளைக்கி இவ்ளோ பசி ஆவாது" என்றார் அவரே.

விழுப்புரத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை போன் வரும். நிலவரம் கேட்டு, தேவைப்பட்ட குழந்தைகளை வரச் சொல்வார்கள். குழந்தைகளின் ஆஸ்பத்திரி அட்டையில் இருந்தது அரசப்பனின் எண். அவர் போனோடு மாடிக்குப் போய்விடுவார். இளவழகனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் கலைப்பிரியாவுக்குக் கிடைத்த பதில், "கேட்டுட்டேம்மா. நல்லா இருக்கான்னுட்டாங்க." ஒரகடம் கம்பெனியிலிருந்து ஞாயிறு மட்டும் வரும் கணவன் இனியவன், "அப்பாதான் சொல்றாருல்ல" என்பான். அதோடு அவன் பேச்சு தீர்ந்துவிடும்.

ஒன்பதாம் மாதம் அழைப்பு வந்தது. பவுனுக்கு மட்டும்.

மையத்தில் பயிற்சியாளர் காயத்ரி பவுனைப் பாயில் விட்டாள். பவுனு எழுந்து உட்கார்ந்து, அவள் கழுத்து அட்டையைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஒண்ணுமே இல்லியேம்மா! இன்னும் குப்புறவே வுழலன்னு எழுதியிருக்கு?"

"ஆறு மாசத்துலயே வுழுந்துட்டா மேடம். இவ தம்பிக்குதான் கழுத்தே நிக்கல."

காயத்ரி தாளைத் திருப்பிக் காட்டினாள். பவுனு செய்த ஒவ்வொன்றும், செய்த தேதியோடு, இளவழகன் பெயருக்கு எதிரே இருந்தது.

"போன்ல அவங்க தாத்தா சொன்னதும்மா. மூணு மாசம் போயிடுச்சே. இந்த மாசங்கதான் முக்கியம். பையன நாளைக்கே தூக்கிக்கினு வந்துடுங்க."

கலைப்பிரியா பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினாள். வீட்டுப்படி ஏறியதும் கேட்டாள்.

"மாமா, இளவழகன் உக்கார்றான்னு சொன்னீங்களா?"

"ஆமா. இன்னா இப்போ? இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி உக்காரப் போறான். கொஞ்சம் முன்னாடி பதிஞ்சி வெச்சேன்."

"பவுனு செஞ்சத எதுக்கு மாமா அவன் பேர்ல சொன்னீங்க?"

"ஆம்பளப் புள்ள மேல கொறன்னு ஒரு பேப்பர் இருக்கக் கூடாதும்மா. பொட்டப்புள்ள லேட்டா உக்காந்தா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்கல மாமா. அவளுக்குப் பயிற்சி குடுக்கத்தான் கூப்டாங்க. உங்க பேரனுக்கு வேணாம்னுட்டாங்க."

அரசப்பன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கி அவனத் தூக்கிக்கினு போறேன்."

"தெரு முழுக்க கொழுக்கட்ட குடுத்திருக்கேன்! இப்போ நீ அவனத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா என் மானம் இன்னாவறது?"

கலைப்பிரியா அரிசி ஊறப்போட்டாள்.

விடிந்ததும் மல்லாட்டைக் கடலையும் வெல்லமும் பூரணமாக வைத்துக் கொழுக்கட்டை வேகவைத்தாள். ஒரு தோளில் தலை சாய்ந்த இளவழகன், மறு இடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்த பவுனு. கொழுக்கட்டைத் தூக்குவாளியை எடுக்கக் கை போதவில்லை. தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு மருமகளுக்குப் பின்னால் நடந்தாள்.

எதிர்வீட்டு வாத்தியார் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு விழித்தார்.

"அதான் அப்பவே குடுத்தீங்களேம்மா?"

"இது பவுனுக்குங்க. அவ கவுந்து மூணு மாசமாச்சி. தம்பி இன்னும் கவுழல. புள்ளைங்க ரெண்டு மாசம் முந்திக்கினாங்க, அவன் கொழுக்கட்ட அதுக்கும் மேல முந்திக்கிச்சி. அவ்ளோதான்."

நாற்பத்திரண்டு வீட்டிலும் இதையே சொன்னாள். பிறகு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

காயத்ரி இளவழகனின் கால்களை மெல்லப் பிரித்துப் பார்த்தாள். தாடைக்குக் கீழே விரல் கொடுத்து, அவன் விழுங்குவதைப் பார்த்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"கழுத்து நிக்குதா?"

"இல்ல."

"குப்புற வுழறானா?"

"இல்ல."

"உக்கார்றானா?"

"இல்ல."

காயத்ரி மூன்றையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போன்ல அந்தப் பெரியவர் எல்லாம் செய்யறான், எல்லாம் செய்யறான்னாரேம்மா?"

கலைப்பிரியா அட்டையிலிருந்த மாமனாரின் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினாள்.

"போன்ல எல்லாம் செய்வான் மேடம். பாயில போட்டாத்தான் செய்யமாட்டான்."