தின்னர் வாடை

செல்லக்கனி பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, அரிசி மூட்டைகள் இருந்த சின்ன அறைக்குள் விட்டுக் கதவை வெளியே தாழிட்டாள். பிணத்தைப் பூனை தாண்டிவிடக் கூடாது. தம்பியைப் பறிகொடுத்த துக்கத்திலும் இந்த மாதிரி விஷயத்தில் அவள் கவனம் பிசகாது. பூனை துரைக்குப் பதின்மூன்று வயது. சோபாவில் ஏறுவதற்கே அதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும், அது எங்கே தாண்டப்போகிறது என்று தம்பி மனைவி சுடலைச்செல்வி சொல்ல நினைத்தாள். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அவள் நேற்று மதியத்திலிருந்து சொல்லாமல் வைத்திருந்தாள்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அவள் கணவர் நயினார், கடைக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். மகன் பாலகணேஷ் தோஹாவிலிருந்து கிளம்பிவிட்டான். அவன் வந்து சேர சாயங்காலம் நாலு மணி ஆகும். அதுவரை அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பெண்கள். பாத்ரூம் போவதற்குக்கூட ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கிடையில் விழவில்லை, யாருக்கும் பாரமில்லை, பெயின்ட் கடை அண்ணாச்சிக்கு நல்ல சாவு. அவர் கடையில் படகுக்குப் பெயின்ட் வாங்கிய திரேஸ்புரத்து ஆட்களும் வாசலில் நின்று அதையே சொன்னார்கள். திடீரென்றா என்று முதலில் கேட்டவளிடம் சுடலைச்செல்வி ஆமாம் என்றாள். பிறகு கேட்ட அத்தனை பேரிடமும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் மட்டும்தான் பேசினார். இந்த மாரடைப்பு ஒரே நாளில் வந்த வியாதி இல்லையம்மா, மாசக்கணக்கில் நெஞ்சு காட்டிக்கொடுத்திருக்கும், சிலருக்கு மேல்வயிற்றில் வலிக்கும், கேஸ் என்று விட்டுவிடுவார்கள் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

துரை வயிற்றை நக்க ஆரம்பித்தது எட்டு மாதங்களுக்கு முன்னால், மாசியில். நக்கி நக்கி முடி முழுக்கப் போய், அடிவயிறு உரித்த கோழி மாதிரி ஆனது. நயினார்தான் காரணம் கண்டுபிடித்தார். நாள் முழுக்கப் பெயின்ட்டைக் கரைக்கத் தின்னர் ஊற்றிய கையால் தடவுகிறோம், அந்த வாடையைத்தான் அது நக்கி எடுக்கிறது என்றார். அன்றிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் பூனையைத் தொடமாட்டார். அதே நாட்களில் அவருக்கும் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிய ஆரம்பித்திருந்தது. அதற்கும் தின்னர் வாடைதான் காரணம் என்பார். ஓமத்திரவம் குடித்துவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்தபடி டிவி பார்ப்பார். பக்கத்தில் துரை நக்கிக்கொண்டிருக்கும். நல்ல ஜோடிதான் என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

கை கழுவியும் பூனை நிறுத்தவில்லை. அவள் நச்சரித்த பிறகு இரண்டு பேருமாக அதைக் கூடையில் வைத்து ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் எமில்டா பொறுமையாகச் சொன்னாள். உண்ணி இருக்கலாம், தீனி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வீட்டில் ஏதாவது மாறினால் மனசு சரியில்லாமலும் நக்கும், வயதான பூனைக்குத் தைராய்டு கூடினாலும் நக்கும். சீப்பால் சீவிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். மறுவாரம் ஸ்கேனில் மூத்திரப்பையில் கல் தெரிந்தது.

"உள்ள எங்க வலிக்கோ, அதுக்கு நேரா வெளிய நக்கும்," என்றாள். "வாயில்லா சீவன், வேற எப்படிச் சொல்லும்?"

நயினார் தலையாட்டினார். ஆட்டும்போதும் அவர் கை நெஞ்சுக்குழியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுடலைச்செல்வி அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வீட்டுக்கு வந்து, பூனைக்கு வேளை தவறாமல் மாத்திரையைத் தயிரில் குழைத்துக் கொடுத்தாள். அவருக்கு ஓமத்திரவம் தீராமல் வாங்கி வைத்தாள்.

பாலகணேஷ் வந்ததும் பெட்டியின் மேல் விழுந்து அழுதான். செல்லக்கனி அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, அப்பாவுக்கு ஒரு நாள் நோவு கிடையாது, நேற்றுக் காலையில்கூடச் சிரித்துப் பேசினான் என்று தேற்றினாள். அவன் அம்மாவின் பக்கம் நகர்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நெசமாவாம்மா? அப்பாக்கு முன்னாடி வலியே இல்லையா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். அப்படிச் சொல்லிவிட்டு, பதினாறு நாளும் வாசல்படி தாண்டாமல் இந்த வீட்டுக்குள் அந்தச் சொல்லோடு இருக்க வேண்டும். பதினாறு முடிந்த பிறகும் அது போகாது.

"இருந்துச்சுய்யா. எட்டு மாசமா இங்கன தேய்ச்சிக்கிட்டே இருந்தாவ." அவள் தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "நான் பூனையத்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாலகணேஷ் அவள் கையை விட்டான். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலை எடுக்க வாசலில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான். கோபத்தில் போகிறானா, சடங்குக்குத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் தூக்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பி வந்து கூடத்தைக் கழுவிவிட்டார்கள். செல்லக்கனி அவள் பக்கம் திரும்பாமல் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, அரிசி அறையின் தாழை மட்டும் நீக்கிவிட்டுப் போனாள்.

துரை ஈரத் தரையில் காலை உதறி உதறி நடந்து வந்து, அவள் மடியோரம் படுத்தது. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நக்கத் தொடங்கியது. சுடலைச்செல்வி அந்த இடத்தை உள்ளங்கையால் மூடினாள். பூனை நிறுத்தவில்லை. கையின் மேலேயே நக்கியது. சொரசொரவென்று, விடாமல். அவள் கையை எடுக்கவில்லை.