பட்டறையில் காய்ந்த கவர்கள்

“ஏண்டி ஹேமா, வெங்காயம் வைக்கிற பட்டறையில குப்பைய வச்சிருக்கியே, அடுத்த வெள்ளாமை வெளங்குமாடி?”

வரப்பில் நின்று கேட்டவள் வீராயி, பக்கத்துக் கொல்லைக்காரி. அவளுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது.

“குப்பை இல்லக்கா, கவரு. கழுவித்தான் வச்சிருக்கேன்.”

“கழுவுனா கவரு பட்டுப்புடவை ஆயிடுமா?”

ஹேமலதா சிரித்தபடி ஈரக் கவர்களை உதறினாள். செட்டிகுளத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய கொல்லை அது. அவளும் அவள் புருஷன் இளவரசனும் அங்கே சின்ன வெங்காயம் போடுகிறார்கள். விலை வரும்வரை வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைப்பார்கள். கல் மேல் மூங்கில் பரப்பி, நாலு பக்கமும் குச்சிகளை இடைவெளி விட்டுக் கட்டி, மேலே கரும்புச் சோகை வேய்ந்த நீளக் கூண்டு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். உள்ளே எதுவும் அழுகாது. இந்தத் தடவை அறுத்த கையோடு விற்றுவிட்டதால் பட்டறை காலி.

பட்டறை நிழலில் செவலைப் பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. நிறைசினை. எந்த நேரமும் கன்று போடலாம்.

போன வருஷம் அதன் தாய்ப்பசு செத்தது. ஏரிக்குள் மேய்ந்த மாடு. அறுத்துப் பார்த்தபோது வயிறு நிறைய பிளாஸ்டிக் கவர். சாம்பார் கட்டியது, சட்னி கட்டியது, மீன் வாங்கியது எல்லாம் சந்தையிலிருந்து வாய்க்காலோடு வந்து ஏரியில் ஒதுங்கியவை. அன்றைக்கே ஹேமலதா செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “ஒன்ன விட மாட்டேண்டி.” அதிலிருந்து செவலை ஏரிப் பக்கம் போனதே இல்லை. புல்லை அறுத்து வந்துதான் போட்டாள்.

கிராம சபைக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவர்தான் வழி சொன்னார். ஏரியில் விழுகிற கவர் மருதையாற்றுக்குப் போய், கொள்ளிடத்துக்குப் போய், கடலில் சேர்கிறது. அங்கே தூளாகி மீன் வயிற்றுக்குள் புகுந்து நம் தட்டுக்கே திரும்பி வருகிறது என்றார்.

“நம்மூரு கவரு கடலையே பாத்துட்டு வந்துடுச்சு. நான் இன்னும் பாக்கல சார்” என்றாள் வீராயி. கூட்டமே சிரித்தது.

ஹேமலதா மட்டும் எழுந்து கேட்டாள். “பொறுக்கி எடுத்தா அத என்ன சார் பண்றது?”

“அரியலூர் சிமெண்ட் சூளையில எரிக்க எடுத்துக்கறாங்கம்மா. வண்டி அனுப்பறோம். ஆனா காஞ்சிருக்கணும். ஈரமா இருந்தா வாங்க மாட்டாங்க.”

கோடை முழுக்க அவள் ஏரியில் இறங்கிப் பொறுக்கினாள். கரையில் காய வைத்தால் காற்று அள்ளித் திரும்ப ஏரிக்கே கொண்டு போனது. அப்போதுதான் பட்டறை நினைவுக்கு வந்தது.

“வெங்காயத்தையே கெடாம வச்சிருக்குது. கவரைக் காய வைக்காதாங்க?”

“ஒனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு” என்றான் இளவரசன். என்றாலும் மூட்டையை அவன்தான் தூக்கி வைத்தான்.

பட்டறை நிரம்பியது. வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி வரவேண்டிய நாள் காலையில் செவலை புல்லைத் தொடவில்லை. இடது விலா பானை மாதிரி உப்பியிருந்தது.

கால்நடை டாக்டர் தென்றல் வந்து விலாவை அமுக்கிப் பார்த்தாள்.

“ஏரியில மேய விட்டீங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டர். கயித்தை அவுத்ததே இல்ல. எப்பவும் போல இங்கேயேதான் கட்டியிருந்தேன்.”

“இங்கேன்னா?”

“பட்டறைக்கிட்ட.”

டாக்டர் பட்டறையைச் சுற்றி வந்தாள். மாட்டின் தலை உயரத்தில் குச்சிகளின் இடைவெளிகள் வெறிச்சென்று இருந்தன. உள்ளே கை நீளத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு குச்சியில் பாதி மென்ற கவர் எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது.

“கழுவுனாலும் உப்பும் கொழம்பு வாடையும் அவ்வளவு சீக்கிரம் போயிடாதும்மா. நாக்கை வுட்டு இழுத்திருக்கு.”

ஹேமலதா அந்தக் கவரைக் குச்சியிலிருந்து பிய்த்தெடுத்தாள். வெங்காயத்தைச் செவலை மோந்துகூடப் பார்க்காது. அதன் தாயும் அப்படித்தான். பட்டறையோரம் மாடு கட்டுவது காலங்காலமாக நடப்பது. மாட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்குமே தோன்றியதில்லை.

“ஏரியில கெடந்ததை நானே கொண்டாந்து அது வாயில வச்சிட்டேனே...”

வீராயி ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து டாக்டர் பக்கத்தில் வைத்தாள்.

விலாவைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் தோள்வரை கையை விட்டு இழுக்க இழுக்கக் கவர் கயிறாக முறுக்கிக்கொண்டு வந்தது. தையல் போட்டு முடித்து, பின்பக்கம் கை விட்டுப் பார்த்தாள்.

“கன்னு போயிடுச்சும்மா.”

“தாய்?”

“ஊசி போட்டிருக்கேன். தாங்குனா பாக்கலாம்.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “தாங்காதுன்னுதான் தோணுது.”

செவலை படுத்துவிட்டது. இளவரசன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினான். அந்த நேரத்தில் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த கிளமெண்ட் வரதராசன்பேட்டைக்காரன். விஷயம் தெரியாமல் இறங்கினான்.

“அக்கா, லோடு ரெடியா? அட, அப்பளமாட்டம் காஞ்சிருக்கே! இந்த மாதிரி யாருமே தர்றதில்லக்கா.”

மாட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பட்டறையைக் காலி செய்து வண்டியில் ஏற்றினான். ஹேமலதா மாட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் எடுத்துப் போட்டிருந்த கவர்க் குவியலைக் காட்டினாள்.

“இதையும் கொண்டு போயிடுப்பா.”

அவன் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“ஈரமா இருக்குதேக்கா. கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஒண்ணு பண்ணுங்க, காய வச்சிடுங்க. அடுத்த லோடுல எடுத்துக்கறேன்.”

“வாய்க்கால்ல புதுசாவும் வந்து கெடக்குதுப்பா.”

“வரும்க்கா. அது வந்துட்டேதான் இருக்கும்.”

வண்டி போனது. காலிப் பட்டறைக்குள் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. செவலையின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஹேமலதா குனிந்து அந்தக் குவியலை இரண்டு கையாலும் அள்ளினாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

“எங்கடி கொண்டு போற?” என்றாள் வீராயி.

“காய வைக்கக்கா.”