யொன்னாவிடம் நான் சொன்னது

எஸ்பியர் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய மீன் கிடங்கை ஜிம்மாக மாற்றியிருந்தார்கள். அதன் வரவேற்பு மேசையில் நான் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களின் அட்டையைப் பார்ப்பது, துண்டு எடுத்துக் கொடுப்பது, நாலு வார்த்தை பேசுவது. இவ்வளவுதான் வேலை.

மாலூ அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. எதிரே தெரியும் ஃபானோ தீவில் அவளும் அவள் கணவன் ட்ரோல்ஸும் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார்கள். ட்ரோல்ஸ் கடல் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பவன். இரண்டு வாரம் கடலில் இருப்பான், இரண்டு வாரம் வீட்டில். மாலூ வாரத்தில் ஐந்து நாள் முதல் படகைப் பிடித்து வந்து ஆறரை மணி சைக்கிள் வகுப்பை எடுப்பாள். அவள் குரல் என் மேசை வரை கேட்கும்.

"இன்னும் பத்து! யாரும் சாக மாட்டீங்க. சாகறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, சைக்கிளை நான்தான் துடைக்கணும்!"

உள்ளே இருபது பேரும் மூச்சிரைக்கச் சிரிப்பார்கள். அவள் தன் வகுப்புகளை வீடியோவாகவும் போட்டு வந்தாள். பார்க்கிறவர்கள் பல ஆயிரம் பேர்.

யொன்னா வந்தது ஒரு செப்டம்பரில். நாற்பத்துநான்கு வயது, பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். கணவன் விட்டுப் போய் அரை வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் சைக்கிளில் ஏற முடியாமல் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள். மாலூ மேடையிலிருந்து இறங்கி வந்து, குனிந்து அவள் காலில் பட்டையை மாட்டிவிட்டு, வகுப்பு முடியும் வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். மாலூ யாருக்கும் அப்படித்தான் செய்வாள். ஆனால் யொன்னாவுக்கு அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒன்றரை வருடத்தில் இருபத்தாறு கிலோ குறைத்தாள். அவள் படத்தைச் சுவரில் மாட்டினோம். அன்றைக்கு நானே கேக் சுட்டுக் கொண்டு போனேன். யொன்னா ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

"மாலூ சாப்பிடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

மாலூ சாப்பிட்டாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் விழுங்கிய பிறகு யொன்னாவும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மாலூவைப் போலவே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். அதே காலணி, அதே பச்சை மேல்சட்டை.

"டோர்தே, காலைல உள்ள நுழைஞ்சதும் கண்ணாடி முன்னாடி நிக்கறேனோன்னு நெனச்சிட்டேன்" என்று மாலூ என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

"சும்மா இரும்மா, உன்னால ஒருத்தி பொழச்சு வந்திருக்கா" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து யொன்னா என் மேசை அருகே மாலூவை நிறுத்தினாள். "இடது முட்டி வலிக்குதா உனக்கு? நேத்து மூணு தடவை தொட்டுப் பாத்த. முந்தாநாள் ஒரே தடவைதான்."

மாலூ சிரிக்க முயன்றாள். மறுநாள் அவள் வீட்டு வாசலில் முட்டிக்குத் தடவும் தைலம் இருந்தது. தீவு வீட்டின் முகவரியை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்தக் கோடையில் யொன்னா ஃபானோவில் மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். காலைப் படகில் மாலூவுக்கு எதிரே உட்காருவாள். பேச மாட்டாள், பார்த்துக்கொண்டிருப்பாள். செய்திகள் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது என்று வரும். மாலூ பதில் போடாவிட்டால் குரல் பதிவாக வரும். 'நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லு, திருத்திக்கறேன்.' மாலூ அதில் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. பாதியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

அக்டோபரில் மாலூ காவல் நிலையத்துக்குப் போனாள். ட்ரோல்ஸ் கடலில் இருந்ததால் துணைக்கு நான் போனேன். எதிரே இருந்த அதிகாரி இளம்பெண், பொறுமையானவள்தான்.

"அவங்க உங்கள மிரட்டினாங்களா?"

"இல்ல."

"கை வெச்சாங்களா?"

"இல்ல. சூப் வெச்சாங்க."

"சூப்பா?"

"நேத்து சாயந்திரம் வீட்டுக்குப் போனா அடுப்பு மேல சூப் இருந்துச்சு. சூடா. நான் காலைல வீட்டைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பூட்டு உடைபடவில்லை, யார் வைத்தது என்றும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் நவம்பரில் உத்தரவு வந்தது. யொன்னா மாலூவின் பக்கத்தில் வரக் கூடாது, எழுதக் கூடாது, பேசக் கூடாது. ஜிம்மும் அவள் உறுப்பினர் அட்டையை ரத்து செய்தது. சுவரில் இருந்த படத்தை நான்தான் கழற்றினேன்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாலூ எச்சரிக்கையாக இருந்தாள். முன்பு வகுப்பு இல்லாத நாட்களில் விடிகாலையில் வீட்டருகே கடற்கரையில் ஓடுவாள். அதை விட்டுவிட்டுப் பத்து மணிக்குமேல் தீவின் தெற்கு முனைக்குப் போய் அங்கே ஓடினாள். "திரும்பத் தூக்கம் வருது, டோர்தே" என்று ஒரு நாள் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கடையில் பால் அடுக்குக்கு முன்னால் யொன்னா நின்றிருந்தாள். எடை இன்னும் குறைந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"டோர்தே, கோச்சுக்காதீங்க. அவளைப் பத்தி எதுவும் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். என்னால அவ ஓடறதை விட்டுட்டாளா? கடற்கரைல ஆளையே காணோம். அவளுக்கு ஓட்டம்னா உயிரு. நான்தான் அதைக் கெடுத்துட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் பால் அடுக்குக்கு முன்னால் ஒருத்தி அழுதுகொண்டு நிற்கிறாள். நான் அப்படிப்பட்ட நேரங்களில் சும்மா இருக்கத் தெரியாதவள்.

"விடலம்மா, விடல. ஓடிட்டுத்தான் இருக்கா. தெக்குப் பக்கம் போயிட்டா, அவ்வளவுதான். நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். விரல்கள் சில்லென்று இருந்தன. வீட்டுக்கு வந்து பாலைக் குளிர்பெட்டியில் வைக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. மாலூவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். தெற்குப் பக்கம் ஏழெட்டு மைல் மணல், எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே வைத்துவிட்டேன்.

ஃபானோவின் கடற்கரையில் கார் ஓட்டலாம். மணல் அவ்வளவு கெட்டி, அவ்வளவு அகலம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியிருந்த நேரத்தில், தெற்கு முனையில் யொன்னாவின் கார் பின்னாலிருந்து மாலூவை இடித்தது. இடுப்பெலும்பும் வலது தொடை எலும்பும் நொறுங்கிவிட்டன.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் யொன்னாதான். தன் இடுப்பு வாரைக் கழற்றி மாலூவின் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். தன் கோட்டை அவள் மேல் போர்த்தியிருந்தாள். அந்தக் கட்டு இல்லாவிட்டால் ஆள் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். உள்ளூர்ச் செய்தித்தாளில் அதையும் போட்டார்கள்.

மாலூவுக்கு முழு நினைவு இருந்தது. ஒன்பதாவது நாள் மருத்துவமனையில் என்னிடம் சொன்னாள்.

"கார் நின்னுட்டிருந்துச்சு, டோர்தே. வெளக்கை அணைச்சிட்டு நின்னுச்சு. நான் அதைத் தாண்டி ஓடினேன். அப்புறம்தான் கிளம்புற சத்தம் கேட்டுச்சு."

"போலீஸ்ல சொன்னியா?"

"ரெண்டு தடவை. தலைல அடிபட்டிருக்கு, ஞாபகம் முன்னபின்ன இருக்கலாம்னு சொல்றாங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "என் தலையை மடில வெச்சுக்கிட்டா. இன்னும் பத்து மூச்சு, உன்னால முடியும்னா. எண்ணினா. பத்து முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுலேருந்து. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அதே. அவ மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்."

பக்கத்தில் நின்றிருந்த ட்ரோல்ஸ் வெளியே போய்விட்டான். அவன் நடைபாதைச் சுவரில் குத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

வழக்கு செப்டம்பரில் வந்தது. யொன்னா சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு தெளிவாகப் பதில் சொன்னாள். கடற்கரை வழியாக ஓட்டிப் போவது தீவில் எல்லோருக்கும் வழக்கம். பனியில் எதிரே யார் என்றே தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன், உத்தரவு இருக்கிறதே என்றாள். சாட்சி யாரும் இல்லை. மணலில் பதிந்த சக்கரத் தடத்தை அலை அன்று மதியமே அழித்துவிட்டது.

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், ஜிம்மில் நடந்தவற்றைச் சொல்ல. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடையில் நடந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். யொன்னா தெற்குப் பக்கம் தற்செயலாகப் போகவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி என் வாய்தான். எதிரே சக்கர நாற்காலியில் மாலூ இருந்தாள். அவள் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கவனக்குறைவு என்று தீர்ப்பானது. ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தார்கள். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி ஏதாவது செய்தால்தான் உள்ளே போக வேண்டும். யொன்னா நீதிபதிக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி மாலூவைப் பார்த்தாள். அந்த அறையில் உத்தரவு அதைத் தடுக்கவில்லை.

டிசம்பரில் வேறு ஊரில் இருந்த மறுவாழ்வு மையத்துக்கு மாலூவைப் பார்க்கப் போனேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவளை நிற்க வைத்திருந்தார்கள். வலது கால் நான்கு சென்டிமீட்டர் குட்டையாகியிருந்தது. உதவிக்கு நின்ற பெண் உற்சாகமாக, "ஒண்ணு, ரெண்டு..." என்று தொடங்கினாள்.

"எண்ணாத!" என்று மாலூ கத்தினாள். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது.

பிறகு அவள் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பால், யொன்னாவின் அழுகை, நான் சொன்ன வார்த்தைகள், நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டது. சொல்லி முடிக்கும் வரை அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"மேல்முறையீட்டுக்கு நாள் முடிஞ்சிருச்சு" என்றாள் கடைசியில்.

"இப்பவும் போலீஸ்ல போய் நான்..."

"போங்க. எழுதி வெச்சுக்குவாங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்படி வந்தீங்க இங்க?"

"ரயில்ல."

"உங்க பின்னாடி யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா."

"பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வரை போய்த் திரையை இழுத்துவிட்டாள். மதியம் மூன்று மணிகூட ஆகவில்லை.

"இனிமே வராதீங்க, டோர்தே. கோபத்துல சொல்லல. ஃபோனும் வேண்டாம்."

மறுநாளே காவல் நிலையத்துக்குப் போனேன். எழுதி வைத்துக்கொண்டார்கள். புத்தாண்டுக்குப் பிறகு மாலூவும் ட்ரோல்ஸும் வீட்டை விற்றுவிட்டு, முகவரியை யாருக்கும் கொடுக்காமல் போய்விட்டார்கள். எந்த ஊர், எந்த நாடு என்று ட்ரோல்ஸின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்கிறார்கள். மாலூவின் வீடியோக்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. நானும் வேலையை விட்டுவிட்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். யொன்னா வந்து என் பக்கத்தில் நின்றாள். உரிமம் இல்லாததால் இப்போது எங்கேயும் பேருந்தில்தான் போகிறாள். தீவு வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடிவந்திருந்தாள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நல்லா இருக்கீங்களா, டோர்தே?"

நான் பேருந்து வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவ எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்களேன். போக மாட்டேன். சும்மா தெரிஞ்சா போதும்."

"எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பாசமாகத்தான் பார்த்தாள்.

"தெரிஞ்சதும் சொல்வீங்க. உங்களுக்கு நல்ல மனசு."

பேருந்து வந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் ஏறினேன், அவளும் ஏறி என் பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.