படபடத்த பாத்தி

மரக்காணம் உப்பளத்தில் மற்றப் பாத்திகளில் உப்பு விளைய நாள்கணக்கில் ஆகும்; அருக்காணி இறங்கிய பாத்தியில் மதியத்துக்குள் விளைந்துவிடும். காரணம் ஊருக்கே தெரியும். அவளுடைய நெஞ்சு சும்மா நிற்கும்போதே திடீரென்று தடதடவென ஓட ஆரம்பிக்கும், காலடித் தண்ணீர் நடுங்கும், நடுங்கிய தண்ணீர் அவசர அவசரமாக வெளுக்கும். அவளுக்கோ மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண் இருட்டும். வெளுத்த உப்பைப் பார்த்தவர்கள் வெளுத்த முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல ஜனங்கள்தான், என்ன செய்வது! குத்தகைக்காரர் சகாதேவன், “இந்தப் பாத்தியிலயும் கொஞ்சம் நின்னுட்டுப் போம்மா” என்று குழைவார். அவளுக்கென்று தனியாகக் கடுங்காப்பி வேறு வரும். தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டாள். வெட்டவெளியில் ஒதுங்க மறைவு இல்லாததால் அங்கே எந்தப் பெண்ணும் வேலை முடியும்வரை குடிப்பதில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் சுருண்டு விழுந்தாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த புருஷன் பக்தவச்சலம் ஓடிவந்து தூக்கினான். இன்னும் ரெண்டு பாத்திதானே பாக்கி என்று சகாதேவன் இழுத்தார். “உப்பு நாளைக்கும் விளையும்ங்க. இவ போயிட்டா எனக்கு யாரு இருக்குறா?” என்றான் அவன். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

புதுச்சேரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “நெஞ்சுல கரண்ட் போற பாதை ஒண்ணு கூடுதலா இருக்குதும்மா. அதுல மாட்டிக்கிட்டுச் சுத்துது. தண்ணி குடிக்காததும் காப்பியும் அதைக் கிளப்பி விடுது.” சிகிச்சைக்கு நாள் குறித்து, அதுவரைக்கும் படபடப்பு வந்தால் முகத்தில் சில்லென்ற தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார். பிறகு தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். நெஞ்சு ஒழுங்குக்கு வந்தது.

பெண்களுக்கு ஓலைத்தட்டி மறைப்பு கட்டினால்தான் இறங்குவேன் என்று அருக்காணி சொல்லி அனுப்பினாள். சகாதேவன் உடனே கட்டினார். அவருக்கு வேறு வழியில்லை. அவள் விழுந்த பாத்தி அன்றிலிருந்து அவளுடைய நெஞ்சைப் போலத் தானாகவே அடித்துக்கொண்டிருந்தது. முதலில் சந்தோஷப்பட்டார்தான். வேகம் ஏற ஏற உப்பு வரப்பைத் தாண்டிக் குதித்து, மண்ணோடு கலந்து வீணாகிக்கொண்டிருந்தது.

அருக்காணி ஒரு குடம் பானைத்தண்ணீரோடு வந்தாள். நல்ல தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினால் உப்பு கரைந்துவிடுமே என்று சகாதேவன் குறுக்கே வந்தார். அவள் குனிந்து, பாத்தியின் முகத்தில் இரண்டு கை அள்ளித் தெளித்தாள்.

“போதும், அடங்கு.”

அடங்கியது. இப்போதும் வெயில் ஏறினால் அது அடித்துக்கொள்ளும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தெளித்துவிடுவார்கள். அன்று குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அருக்காணி எல்லோரும் பார்க்க நின்று குடித்தாள். குடித்துவிட்டு, பக்கத்துப் பாத்திப் பெண்ணிடம் குடத்தை நீட்டினாள்.