இன்னார் எனும் நான்

"அந்தப் பேப்பர மொதல்ல என் கைல குடுங்க தலைவரே. படிச்சிட்டுத்தான் வாயத் தொறப்பேன்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அன்புக்கரசியிடம் அவள் அம்மா ராமசெல்வி காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தாள். "அவுரு சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லு. மாலை போடுவாங்கோ, கேசரி குடுப்பாங்கோ, துன்னுட்டு வந்துரு. பேப்பரு கீப்பருனு கேட்டு பேஜாரு பண்ணாத." அதில் கேசரி மட்டும்தான் மகள் காதில் ஏறியிருந்தது.

திருவொற்றியூர் அலைமகள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் துணைத் தலைவர் பதவியேற்பு. ஷாமியானா பந்தல், கரகரக்கும் மைக், நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. தலைவர் அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பழகிய கண். கிரேனை விட்டு அவர் இறங்கிப் பல வருடமாகியும் பார்வை மட்டும் இறங்கவில்லை.

முந்தைய துணைத் தலைவர் நோயல் மாதவரத்துக்கு வீடு மாறிவிட்டதால் இடம் காலியானது. "இந்தவாட்டி படிச்ச பொண்ணா பாத்துப் போடலாம்" என்று சொன்னதே அருள்பிரகாசம்தான். படித்த பெண் என்றால் கையெழுத்து லட்சணமாக இருக்கும் என்பது அவர் நினைப்பு. அன்புக்கரசி தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பாடம் அரசியல் அறிவியல். "அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற, எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்று மூன்று வருடம் கிண்டலடித்த அதே ஏரியாதான் இப்போது ஓட்டுப் போட்டு அவளை ஜெயிக்க வைத்திருந்தது.

மேடை மேசையில், மாலைக்கு அடியில், இன்னொரு காகிதமும் இருந்தது. குடியிருப்பின் பின்னால் இருக்கும் திடலில் கன்டெய்னர் லாரிகளை நிறுத்திக்கொள்ளலாம் என்ற சம்மதக் கடிதம். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைத் தலைவர் கையெழுத்துக்குக் கோடு காத்திருந்தது. பிள்ளைகள் பந்து விளையாட இருப்பது அந்த ஒரு திடல்தான். ராமசெல்வியின் வறுத்த மீன் வண்டி தினம் சாயங்காலம் நிற்பதும் அதன் மூலையில்தான். அன்புக்கரசியைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த எண்ணெய்ச் சட்டி. மேடை ஏறியதுமே கடிதம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"படிச்ச புள்ள, படிக்கத்தான் கேக்கும்" என்று சிரித்துக்கொண்டே உறுதிமொழிப் பேப்பரை எடுத்து நீட்டினார் செயலாளர் உசேன். தையற்கடைக்காரர், வெள்ளை மனசு. தலைவர் முறைத்ததை அவர் பார்த்தபோது பேப்பர் கை மாறிவிட்டது.

அன்புக்கரசி மைக்கிலேயே படித்தாள்.

"'இன்னார் எனும் நான், தலைவரின் முடிவே என் முடிவெனக் கொண்டு, அவருக்கு என்றும் விசுவாசமாக இருப்பேன் என உளமார உறுதி கூறுகிறேன்.' பாய், யாரு பாய் இந்த இன்னாரு?"

"அது பேரு சொல்ற எடம்மா" என்றார் உசேன். "மாதிரிக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க. அப்டியே டைப் அடிச்சி வெச்சிகினோம்."

அவள் முன்வரிசையில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்த நோயலைப் பார்த்தாள். "நோயல் அண்ணே, நீங்க பதவி ஏத்தப்ப இன்னா சொன்னீங்க?"

"தலைவரு சொன்னத திருப்பிச் சொன்னேன். இன்னார் எனும் நான்னு."

"உங்க பேரச் சொல்லலியா?"

"அவரு சொல்லலியேம்மா." நோயல் மோவாயைச் சொறிந்தார். "நாம 'இன்னா'ன்றோம் இல்ல, அதுக்கு மரியாத குடுத்து 'இன்னார்'னு சொல்றாங்கனு நெனச்சிகினேன்."

பந்தல் குலுங்கியது. "அப்போ இத்தினி வருசமா நம்ம துணைத் தலைவரு இன்னாருதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மாமு, தண்ணி மோட்டாரு ரிப்பேரான அன்னிக்கி அந்த இன்னாரு எங்க போனாரு?" என்று இன்னொன்று.

அருள்பிரகாசம் மைக்கை இழுத்தார். "போதும் சிரிச்சது. பேர நானே சேத்துக்கறேன். அன்புக்கரசி எனும் நான். ஆச்சா? மேல சொல்லு. தலைவரின் முடிவே..."

"அது வராது தலைவரே." மூன்று வருடம் படித்ததற்கு முதல்முறையாக வேலை வந்திருந்தது. "டெல்லில நாட்டோட துணைத் தலைவரு ஜனாதிபதி முன்னாடி நின்னுதான் பதவி ஏக்கறாரு. ஆனா ஜனாதிபதிக்கு விசுவாசம்னு சொல்றதில்ல. அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமா இருப்பேன், கடமைய ஒழுங்கா செய்வேன், அவ்ளோதான். அந்த ஜனாதிபதியே தலைமை நீதிபதி முன்னாடி நின்னு சட்டத்தக் காப்பாத்துவேன்னு சொன்னவருதான். நாட்டுக்கு சட்டம், நமக்கு சங்க விதி. விதிக்கு விசுவாசம்னு மாத்திச் சொல்லுங்க, இப்பவே திருப்பிச் சொல்றேன்."

"டெல்லில இன்னா கேட்டாண்ட லாரியா நின்னுகினு கீது?"

அருள்பிரகாசத்துக்கு வாய் தவறி வந்துவிட்டது. பந்தலில் தலைகள் கேட் பக்கம் திரும்பின.

"இன்னா லாரி?" என்றாள் கடைசி வரிசையில் ராமசெல்வி.

அன்புக்கரசி மாலையை நகர்த்தி, அடியிலிருந்த கடிதத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "நம்ம திடலுக்கு வர லாரிம்மா. உன் வண்டி நிக்கற எடத்துல. இந்த விசுவாசம்லாம் அதுக்குத்தான்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. உசேன் தலைவரைப் பார்த்து, "இத எங்கிட்ட சொல்லவே இல்லியே நைனா?" என்றார்.

அருள்பிரகாசத்தின் கழுத்து சிவந்தது. "இந்தாமே. பேப்பர்ல இன்னா கீதோ அதச் சொல்லு. இல்லாங்காட்டி மேடைய விட்டு எறங்கு."

இத்தனை பேர் முன்னால் ஒரு பெண் இறங்க மாட்டாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்த நிமிஷமே அவள் இறங்கவும் தயாராகிவிட்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றாள்.

"எறங்கறேன். துணைத் தலைவரு பதவி ஏக்கலன்னா ரெண்டாவது கையெழுத்து இல்ல. ரெண்டாவது கையெழுத்து இல்லன்னா லாரி உள்ள வராது. நான் சொல்லல, விதி பதினாலு சொல்லுது. நீங்க எழுதி வெச்சதுதான்." உறுதிமொழிப் பேப்பரையும் கடிதத்தையும் மேசையில் வைத்து, பறக்காமலிருக்க அவற்றின் மேல் மாலையை வைத்தாள். "ஓட்டு வாங்குனது அன்புக்கரசி. அந்தப் பேர்ல ஒழுங்கா ஒரு பேப்பர் அடிச்சா கூப்டுங்க, வரேன். அவசரம்னா இன்னாரக் கூப்ட்டு கையெழுத்து வாங்கிக்குங்க."

இரண்டு படி. இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தாள்.

"அடியே அரசி!" ராமசெல்வி கேசரித் தொன்னையோடு எழுந்து நின்றாள். "அதான் கேட்டுட்டியே, இதத் துன்னுட்டாவது போடி!"

"பார்சல் கட்டிக்கினு வாம்மா" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி லாரி முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள்.

"அண்ணே, ரிவர்ஸ் எடுங்க."